சூரியனைக் கூப்பிட்ட வாத்து

இருவரி என்ற வாத்துக்கு இறக்கை நிலைகொள்ளவில்லை.

காலையில் கண் விழித்ததும் ஏரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்துவாள். போன வேகத்திலேயே திரும்புவாள். கரையேறிப் புல் மேய்வாள். வாயில் புல்லோடு வடக்கே பார்ப்பாள். புல்லைத் துப்பிவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்குவாள். தோள்பட்டைக்குள் யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது.

அவள் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்குமே, அந்த இனம். பனிமலைகளுக்கு அப்பால், வடக்கே வெகுதூரத்தில் பிறக்கும். அங்கே குளிர் முற்றும்போது கூட்டமாகக் கிளம்பி நம் கருவேலங்காட்டு ஏரிக்கு வரும். பங்குனி பிறந்ததும் திரும்பிப் போகும்.

போவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏரியின் கிழக்குக் கரையில், தெற்கு மூலையில் மதகு. நடுவில் ஒற்றைப் பனை. வடக்கு மூலையில் காலொடிந்த மண்குதிரை. மார்கழியில் சூரியன் மதகுக்கு மேலே எழும். அப்புறம் நாளாக நாளாக வடக்கே நகர்ந்து வரும். அது ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் எழும் காலையில், வாத்துக் கூட்டத்தின் தலைவர், வடக்கும் தெற்குமாகச் சாய்கிற சூரியனைக் கழுத்தை நீட்டிக் கூப்பிடுவார்.

"சாயும் பொழுதே! வடக்கே வா!"

அவ்வளவுதான். கூட்டம் எழும்பும். சூரியனும் கூடவே வடக்கே வரும்.

வாத்துகள் அப்படித்தான் நம்பின. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. அவை வடக்கே போய்ச் சேர்ந்தால் அங்கே பகல் நீள்கிறது, பனி உருகுகிறது. அவை தெற்கே கிளம்பினால் அங்கே பகல் குறுகி இருட்டு கவிகிறது. எப்போதும் ஏரியிலேயே கிடக்கிற கொக்குக்கும் தவளைக்கும் இப்படி ஒரு நினைப்பு வராது. போகிற இடமெல்லாம் சூரியன் கூடவே வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் வரும்.

கூப்பிடும் உரிமை இருவரியின் கணவருக்கு. அதனால் அவருக்குக் கூவலார் என்றே பெயர். நல்லவர். ஆனால் சூரியனே தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்கிற நினைப்பு அவர் நடையில் தெரியும். மார்பை முன்னால் தள்ளி, காலைப் பார்த்துப் பார்த்து வைப்பார்.

அதைக் கரையிலிருந்து ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். பம்மன் என்ற நரி.

ஒருநாள் கூவலார் தனியாக மேயும்போது பம்மன் தூரத்தில் உட்கார்ந்தபடியே கும்பிட்டான்.

"வணக்கம் கூவலாரே! பயப்படாதீங்க, கிட்ட வர மாட்டேன். உங்களை மாதிரி பெரியவங்க பக்கத்துல நான் நிக்கலாமா?"

"என்ன வேணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேணாங்க. ஒரு சந்தேகம். சூரியனைக் கூப்பிடுறது நீங்கதானே?"

"நான்தான். எனக்கு முன்னால எங்கப்பா."

"நீங்க கூப்பிட்டாத்தான் அது வடக்கே போகும்?"

"பின்னே?"

"கூப்பிடலைன்னா?"

கூவலார் வாயில் இருந்த புல்லை மெல்லாமல் நின்றார். அவர் அப்பாவும் இதை யோசித்ததில்லை, அவரும் யோசித்ததில்லை.

"கூப்பிடலைன்னா... நிக்கும். பனைமரத்துக்குப் பின்னாலயே நிக்கும்."

பம்மன் முன்னங்காலால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட கடவுளே! இவ்வளவு பெரிய சக்தியைத் தொண்டையில வெச்சுக்கிட்டு, வருஷா வருஷம் பனிமலையைத் தாண்டி மூச்சுத் திணறிப் பறக்குறீங்களே! சூரியனை இங்கேயே நிறுத்திட்டீங்கன்னா கோடை வராது, ஏரி வத்தாது. இதே தண்ணி, இதே புல்லு. வழியில யாரையும் பறிகொடுக்கவும் வேண்டாம். போன தடவை உங்க தம்பி..."

கூவலார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன பங்குனியில் பனிமலையின் மேல் அவர் தம்பி இளைப்பாற இறங்கினான். இறங்கியவன் எழும்பவில்லை. கூட்டம் அவன் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

"யோசிங்க" என்றான் பம்மன். "நான் சொல்லி நீங்க கேக்கணுமா என்ன? சூரியனே உங்க பேச்சைக் கேக்குது!"

அன்று பொழுது சாய்வதற்குள் கூவலார் முடிவு செய்துவிட்டார். கூட்டத்தைக் கூட்டிச் சொன்னார்: "இந்த வருஷம் நான் கூப்பிடப் போறதில்லை. சூரியன் இங்கேயே நிக்கும். நாமளும் இங்கேயே இருப்போம். பனிமலையில இனி யாரும் விழ வேண்டாம்."

கூட்டத்தில் பாதி மகிழ்ந்தது. பாதி குழம்பியது. அழைப்பு இல்லாமல் யாரும் எழும்பக் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லாரும் ஏரியிலேயே தங்கினார்கள்.

இருவரி மட்டும் அவர் பின்னாலேயே நீந்திப் போனாள்.

"என்னங்க, இந்த யோசனை உங்களுக்கா தோணுச்சா, யாரும் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"எனக்கே தோணாதா? அவ்வளவு மக்கா நானு?"

"நரி கூடப் பேசிட்டிருந்தீங்கன்னு நம்ம கூட்டத்துச் சிணுங்கி சொன்னாளே?"

"அவன் ஒரு சந்தேகம் கேட்டான். அவ்வளவுதான். தூரத்துல நின்னு மரியாதையாக் கேட்டான். நீ கேக்குற மாதிரி இல்ல."

"எனக்கு றெக்கை துடிக்குதுங்க. உங்களுக்குத் துடிக்கலையா?"

கூவலார் தன் இறக்கையை உடம்போடு இறுக்கிக்கொண்டார். "துடிக்கல" என்றார். இறுக்கியும் அதன் நுனி ஆடிக்கொண்டிருந்ததை இருவரி பார்த்தாள்.

அந்தக் காலையும் வந்தது. சூரியன் ஒற்றைப் பனைக்கு நேர் பின்னால் எழுந்தது. எல்லா வாத்துகளும் கூவலாரைப் பார்த்தன. கூவலார் வாயை இறுக மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். சூரியன் மேலே ஏறிப் போய்விட்டது.

சில நாள் கழித்து இருவரி அவரை விடியும் முன்பே எழுப்பினாள். "வாங்க. நீங்க நிறுத்தி வெச்ச சூரியனைப் பாப்போம்."

சூரியன் பனையைத் தாண்டி மண்குதிரைப் பக்கமாக ஒதுங்கி எழுந்தது.

"நகந்துடுச்சு!" என்றாள் இருவரி.

கூவலார் பனையையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "தூக்கத்துல கூப்பிட்டிருப்பேனோ என்னவோ" என்றார்.

"தூக்கத்துலயா?"

"ஏன், கூடாதா? குறட்டை விடுறேன்னு நீதானே சொல்வே?"

பம்மனிடம் கேட்டார். பம்மன் வாலை ஆட்டிக்கொண்டு, "அதேதாங்க! உங்க குறட்டைகூட அதுக்குக் கட்டளைதான்!" என்றான்.

அன்றிலிருந்து கூவலார் அலகை இறக்கைக்குள் ஆழமாகச் செருகிக்கொண்டு தூங்கினார். மூச்சு முட்டி அடிக்கடி விழித்துக்கொண்டார். சூரியன் அதைப் பொருட்படுத்தவில்லை. தினம் கொஞ்சமாக மண்குதிரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

ஏரி வற்றத் தொடங்கியது. கரையோரம் மேலே காய்ந்து ஏடு படிந்தது, அடியில் சேறு. வாத்துகள் உறங்கும் மேற்குத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே முன்பு ஆழமாகத் தண்ணீர் கிடந்தது. இப்போது கணுக்கால் அளவுதான். கூட்டத்தில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. மேய்ச்சலில் ஒன்றையொன்று கொத்தின. ஒருத்தி நகர்ந்தால் எல்லாரும் நகர்ந்தார்கள். எங்கே நகர்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லா அலகுகளும் வடக்கே பார்த்தன.

"கூவலாரே, இன்னைக்கும் கூப்பிடலையா?" என்று சிணுங்கி தினமும் கேட்டாள்.

"நாளைக்குச் சரியாயிடும்" என்று அவர் தினமும் சொன்னார்.

ஒரு சாயங்காலம் இருவரி தாங்க முடியாமல் ஏரியின் நடுவே நீந்திப் போனாள். அங்கே மீனவர்கள் ஒரு கழி நட்டு, அதைச் சுற்றி வட்டமாக வலை கட்டியிருந்தார்கள். அடையாளத்துக்காகக் கழியின் மேல் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் வலைக்கு வெளியே தண்ணீரில் விழும். அவற்றைத் தின்ன ஓர் ஆமை தினமும் வருவான். தட்டையன் என்று பெயர்.

தட்டையன் அன்று வலையை ஒட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆனால் சுற்றிய விதம் வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச தூரம் முன்னால் போனான். கொஞ்ச தூரம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனான். பிறகு பின்பக்கமாகவே போனான்!

"ஏன்டா, உனக்கு நேரா நீந்தத் தெரியாதா?" என்றாள் இருவரி.

"தள்ளிப் போ, மறைக்காதே!" என்றான் தட்டையன். "அதோ வடக்குக் கரையில ரெண்டு கண்ணு மினுங்குது பாரு. பம்மன்! அவனை விட்டுக் கண்ணை எடுத்தேன்னா என் ஓடு அவனுக்குச் சோத்துக் கிண்ணம். அதான் எங்க சுத்தினாலும் மூக்கை அவன் பக்கமே வெச்சிருக்கேன்."

"அவன் எங்க வீட்டுக்காரருக்கு சிநேகிதன்."

தட்டையன் சிரித்தான். சிரித்ததில் வாயிலிருந்த பூச்சி பறந்துவிட்டது.

"சிநேகிதனா! போன கோடையில உங்க கூட்டத்துல ஒருத்தி றெக்கை முறிஞ்சு தங்கினா, ஞாபகம் இருக்கா? ஏரி வத்துச்சு. அப்புறம் உங்களுக்கு வருஷத்துக்கு ஒருதரம் பறக்குற இறகெல்லாம் மொத்தமாக் கொட்டுமே, அது கொட்டுச்சு. பம்மன் ஓடக்கூட இல்லை. நடந்து வந்து எடுத்துட்டுப் போனான். இந்த வருஷம் கூட்டத்தையே தங்க வெச்சிருக்கான். கெட்டிக்காரன்!"

இருவரி வற்றிப்போன கரையோரத்தைப் பார்த்தாள். இறகு கொட்டும் காலம் அவளுக்குத் தெரியும். வடக்கே அப்போது அவர்கள் நடுத்தண்ணீரில் இருப்பார்கள். எந்த நரியும் நெருங்காது. இங்கே அதற்குள் தண்ணீரே இருக்காது. உடனே கூவலாரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றாள். போய்ச் சொன்னால் அவர் நம்புவாரா? நரி பொல்லாதவன் என்றால், சூரியன்தான் நிற்கப் போகிறதே, ஏரி ஏன் வற்றும் என்பார். சூரியன் அவர் சொல்லைக் கேட்பதில்லை என்று காட்டாதவரை வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. ஆனால் கூப்பிடாமலே அது ஏன் போகிறது? எப்படிப் போகிறது?

அவள் விளக்கைப் பார்த்தாள். சுற்றுகிற தட்டையனைப் பார்த்தாள். தட்டையன் கழிக்குத் தெற்கே வந்தபோது விளக்கு வெளிச்சம் அவன் தலைமேல் விழுந்தது. வால் இருட்டில் கிடந்தது. வடக்கே போனபோது வாலில் வெளிச்சம், தலை இருட்டில். கிழக்கிலும் மேற்கிலும் போனபோது தலைக்கும் வாலுக்கும் ஒரே அளவு வெளிச்சம். கழி அசையவே இல்லை. வலை குறுக்கே இருந்ததால் அவன் விளக்குக்குக் கிட்டேயும் போகவில்லை, எட்டியும் போகவில்லை. அவன் மூக்கோ வடக்கை விட்டுத் திரும்பவில்லை.

"தட்டையா," என்றாள் மெல்ல, "இன்னொரு சுத்து சுத்து."

"உனக்காகவா சுத்துறேன்? பூச்சிக்காகச் சுத்துறேன்!" என்று சொல்லிக்கொண்டே அவன் சுற்றினான்.

மறுநாள் சாயங்காலம் அவள் கூவலாரைக் கெஞ்சிக் கூத்தாடி அங்கே கூட்டிவந்தாள்.

"ஆமை பூச்சி தின்னுறதைப் பாக்கவா என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"கொஞ்சம் பொறுங்க. அந்த விளக்குதான் சூரியன்னு வெச்சுக்குங்க. தட்டையன்தான் நாம இருக்கிற பூமி."

"பூமி? இவனா?" என்றார் கூவலார்.

"மரியாதையாப் பேசச் சொல்லு" என்றான் தட்டையன், வடக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"அவன் கழுத்துல ஒரு நத்தை ஒட்டியிருக்கு பாருங்க. அதுதான் வடக்கே இருக்கிற நம்ம ஊர். முதுகு நடுவுல இன்னொரு நத்தை. அதுதான் இந்த ஏரி. இப்ப பாருங்க, தெற்கே வந்துட்டான். கழுத்து விளக்கைப் பாத்து இருக்கு. நம்ம ஊர்ல கோடை. அங்க பொழுது சாய மனசே இல்லாம நிக்குமே, அது இதுதான். இப்ப வடக்கே போறான். கழுத்து இருட்டுக்குப் போயிடுச்சு. நம்ம ஊர்ல குளிர், பகல் குட்டையாயிடுச்சு. நடுமுதுகு நத்தைக்கு மட்டும் ரெண்டு பக்கமும் பெரிசா வித்தியாசம் இல்லை. இந்த ஏரியில பகல் கொஞ்சம்தானே கூடிக் குறையுது?"

கூவலார் பார்த்தார். அந்த நேரம் ஒரு கெளுத்தி மீன் தட்டையனின் விலாவில் முள்ளால் குத்தியது. அவன் மூக்கைத் திருப்பாமலே ஓர் உருள் உருண்டு, வயிறு மேலாகி, மறுபடி நிமிர்ந்தான்.

"அது ஒரு நாள்!" என்று இருவரி கத்தினாள். "உருள்றது பகலும் இரவும். கழியைச் சுத்தி வர்றது வருஷம்!"

"எனக்கு வலிக்குது, உனக்கு நாளும் வருஷமுமா?" என்றான் தட்டையன்.

"பூமி இவன் மாதிரி முழுசாப் படுத்துக்கிட்டுப் போகலைங்க. கொஞ்சமாத்தான் சாஞ்சிருக்கணும். அந்தச் சாய்வு ஒரே பக்கம் பாத்து இருக்கு, மாறலை. நீங்க 'சாயும் பொழுதே'ன்னு கூப்பிடுறீங்க. பொழுது எங்கங்க சாயுது? அது நட்ட கழி மாதிரி நிக்குது. சாஞ்சிருக்கிறது நாம நிக்கிற தரை!"

"தரை சுத்துதா? ஆடக்கூட இல்லையே!"

"கழுத்து நத்தையைக் கேளுங்க. ஆடலைன்னுதான் அதுவும் சொல்லும்."

கூவலார் கழியையும் விளக்கையும் ஏறிட்டுப் பார்த்தார். விளக்கு தண்ணீரில் ஆடியது.

"அப்போ," என்றார் கடைசியில், "அது என் குரலுக்காக வரலை. எங்கப்பா குரலுக்காகவும் வரலை."

"இல்லைங்க."

"நாம போறப்போ அதுவும் வந்துச்சே?"

"நாம அதைக் கூட்டிட்டுப் போகலைங்க. பகல் நீள்றது நம்ம உடம்புக்குத் தெரியுது. அதான் றெக்கை துடிக்குது. அதுதான் நம்மளைக் கூப்பிட்டிருக்கு. இத்தனை நாள் நாம தலைகீழா நினைச்சுட்டோம்."

அவருடைய மார்பு முதன்முறையாகக் கொஞ்சம் உள்ளே போனது. "அப்படின்னா நான் எதுக்கு?" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

இருவரி அவர் பக்கத்தில் ஒட்டி நீந்தினாள். பம்மனைப் பற்றித் தட்டையன் சொன்னதையாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவள் கண் தட்டையன் மேல் போனது.

தட்டையன் மூக்கு வடக்கே இல்லை.

அது மெல்ல, மெல்ல மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும், கெளுத்தி குத்தினாலும் திரும்பாத மூக்கு.

"என்னங்க! தட்டையன் மூக்கு திரும்புது!"

"திரும்பினா என்ன?"

"பம்மன் நகர்றான்! மேற்கே போறான்! நம்ம கூட்டம் அங்கதானே தூங்குது!"

வடக்குக் கரையில் இரண்டு கண்களையும் காணோம். நேற்று இருவரியும் ஆமையும், இன்று கணவனும் மனைவியும் விளக்கடியில் பேசுவதைப் பார்த்த பம்மனுக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்கே எல்லாம் பறந்துவிடுமோ என்ற பயம். கிடைத்ததைக் கவ்வலாம் என்று, கணுக்கால் தண்ணீரில் வயிறு உரச, திட்டை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தான். திட்டின் ஓரத்தில் சிணுங்கி தலையை இறக்கைக்குள் வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

ஊர்ந்து வரும் நரியைக் கண்டதும் கூவலார் கழுத்தை நீட்டினார். அந்த அவசரத்தில் "நரி!" என்று கத்தத் தோன்றவில்லை. அவர் தொண்டைக்குப் பழகிய கூச்சல் ஒன்றுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அது வெடித்துக்கொண்டு வந்தது.

"சாயும் பொழுதே! வடக்கே வா!"

திட்டு முழுவதும் ஒரே இறக்கையாக விரிந்தது. தூக்கத்திலேயே சிணுங்கி எழும்பினாள். பம்மன் பாய்ந்தான். அவன் பல்லில் ஒரு வால் இறகு மட்டும் மாட்டியது. விழுந்த இடத்தில் காய்ந்த ஏடு உடைந்து, நாலு காலும் சேற்றில் வயிறுவரை இறங்கின.

கூவலாரும் இருவரியும் தண்ணீரை உதைத்துக்கொண்டு மேலே எழும்பினார்கள். கூட்டம் ஏரியின் மேல் ஒரு வட்டம் போட்டது. மறுபடி இறங்கும் என்று பார்த்தால் ஒருத்தரும் இறங்கவில்லை. இத்தனை நாள் மடக்கி வைத்திருந்த இறக்கைகள். ஒருமுறை விரிந்தபின் மடங்க மறுத்தன. தலைகள் ஒவ்வொன்றாக வடக்கே திரும்பின.

இருவரி அவருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, கூப்பிட்டீங்களே. சூரியன் வந்துச்சா?"

கூவலார் மேற்கே பார்த்தார். அடிவானத்தில் செம்மை கூட மிச்சமில்லை. மறைந்த சூரியன் மறைந்ததுதான்.

"வரலை."

"நாங்க வந்தோமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் கூட்டம் முழுவதும் அவர் குரல் வந்த பக்கமாகவே நீண்டு வந்துகொண்டிருந்தது. சிணுங்கி வாலில் ஓர் இறகு குறைவாகக் கடைசியில் வந்தாள்.

"எல்லாரும் வந்துட்டீங்க" என்றார்.

"உங்க குரல் சூரியனுக்குத் தேவையில்லை. எங்களுக்குத்தான் தேவை. பனிமலையில உங்க தம்பி விழுந்தப்போ, இருட்டுல நாங்க மத்தவங்க சிதறாம போனது எதனால? நீங்க விடாம கூப்பிட்டதாலதானே? இந்தத் தடவையும் கூப்பிடுங்க."

கூவலார் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தார். அப்பா சொல்லிக்கொடுத்தது இனி உதவாது. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று மட்டும் கத்தினார்.

"இருக்கோம்!" என்றது கூட்டம். இருவரியின் தோள்பட்டைக்குள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.

கீழே பம்மன் சேற்றில் நின்றபடி வாயிலிருந்த இறகைத் துப்பினான். தட்டையன் தூரத்திலிருந்து அவனைப் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் முதன்முறையாக மூக்கை எந்தப் பக்கமும் காட்டாமல், நேராக, நிம்மதியாக நீந்தினான்.

"என்ன பம்மா, சூரியனை நிறுத்தச் சொன்னியே? நீ நின்னுட்டே!"

"ஒரு கை கொடுத்துத் தூக்கி விடுடா தட்டையா. உன்னைத் தொடவே மாட்டேன்."

"அப்படியா? கூவலாரே உன் பேச்சைக் கேட்டாரு. நான் கேக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டுத் தட்டையன் பூச்சி பிடிக்கப் போய்விட்டான்.

பம்மன் மறுநாள் உச்சிவெயில் வரைக்கும் உழன்று எப்படியோ கரையேறினான். ஏரி வற்றியது. அந்தக் கோடை முழுவதும் அவனுக்கு நண்டுதான் சாப்பாடு. சூரியன் மண்குதிரைக்குப் போய்ச் சேர்ந்து, யாரும் கூப்பிடாமலே மெல்லத் தெற்கே திரும்பியது.

வரித்தலை வாத்துகள் பறக்கும்போது இன்றும் ஓயாமல் சத்தம் கொடுத்துக்கொண்டே போகும். அது சூரியனைக் கூப்பிடும் சத்தம் இல்லை. எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன.

சூரியனே தன் சொல்லைக் கேட்டு நடக்கிறது என்று நினைப்பவர், ஒரு நரியின் புகழ்ச்சிக்குத் தன் கூட்டத்தையே பலிகொடுத்துவிடுவார்.